மொய் நோட்டும் முப்பத்தைந்து குடமும்: கம்பெனிகளைக் கேள்வி கேட்கிற கலையை நம்ம ஊரில் செய்வது எப்படி

கையில் விலங்கு மாட்டிய கைபேசியை வரையாதீர்கள். கோட்டுப் போட்ட ஒரு குண்டு மனிதர் பூமி உருண்டையில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற படமும் வேண்டாம். பாளையங்கோட்டையில் ஒரு டிசைன் கடையில் பன்னிரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். இந்த இரண்டு படங்களையும் எத்தனை கல்லூரி விழாவுக்கு, எத்தனை விழிப்புணர்வுப் பேரணிக்கு அடித்துக் கொடுத்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒருத்தர்கூட அதன் முன்னால் நின்று பார்த்ததாக நினைவில்லை. அதே சுவரில் பக்கத்தில் ஒட்டியிருக்கிற கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பாருங்கள். பைக்கை ஓரங்கட்டி, ஒரு காலை ஊன்றி, யார், எந்தத் தெரு, எத்தனை வயசு, இன்னாருடைய மச்சினனா என்று கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

எனக்குச் சொல்ல இருக்கிறது இவ்வளவுதான்: பெரிய கம்பெனிகளையும் அவர்கள் கையில் இருக்கிற தொழில்நுட்பத்தையும் கேள்வி கேட்கிற கலையை நம்ம பக்கம் செய்ய வேண்டுமானால், ஊருக்கு ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்த ஒரு வடிவத்தை எடுங்கள், அதற்குள் ஒரே ஒரு கணக்கை வையுங்கள். மிச்சமெல்லாம் ஆணி, கயிறு, பசை சமாச்சாரம். அதையும் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. "கார்ப்பரேட் ஆதிக்கம்" என்பதை வைத்து மேடையில் அரை மணி நேரம் பேசலாம், ஒரு பொருளைச் செய்ய முடியாது. ஒரு விலை, ஒரு தேதி, ஒரு நிபந்தனை வரி, ஒரு ரசீது என்று கையில் பிடிக்கிற மாதிரி ஏதாவது வேண்டும். ஹான்ஸ் ஹாக்கே என்ற கலைஞர் 1971ல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்காக என்ன செய்தார் தெரியுமா? அந்த நகரத்தின் குடிசைப் பகுதிகளில் ஒரே கூட்டத்தின் கையில் எவ்வளவு கட்டடங்கள் இருக்கின்றன என்று அரசாங்கப் பதிவேடுகளில் தேடி எடுத்து, ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு போட்டோ, கீழே டைப் அடித்த விவரம், அவ்வளவுதான். திட்டவில்லை, கேலிச்சித்திரம் இல்லை. அதற்கே அருங்காட்சியகம் கண்காட்சியை ரத்து செய்தது. பொறுப்பாளராக இருந்தவருக்கு வேலையும் போனது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கக்கூடிய பதிவேடு என்பதுதான் அதன் பலம். நம்மிடமும் வில்லங்கச் சான்றிதழ் இருக்கிறது, பட்டா சிட்டா இருக்கிறது, 2005ல் வந்த தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பை ஒட்டி அனுப்பினால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். பதில் சொதப்பலாக வந்தால் அந்தச் சொதப்பல் கடிதத்தையே ஃபிரேம் போட்டு மாட்டுங்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் குளிர்பான ஆலைக்குத் தாமிரபரணித் தண்ணீர் போகிற விவகாரம் எல்லோருக்கும் தெரியும். 2016 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை போட்டது, 2017 மார்ச்சில் அதை எதிர்த்த மனுவைத் தள்ளுபடி செய்தது. அந்தச் சமயத்தில் எல்லோர் வாயிலும் அடிபட்ட எண், ஆலை கொடுக்கிற விலை: ஆயிரம் லிட்டருக்கு 37 ரூபாய் 50 காசு. சரி, இதை எப்படிக் காட்டுவது? எண்ணைப் பெரிதாக எழுதி மாட்டினால் ஒன்றும் ஆகாது. வகுத்துப் பாருங்கள்: ஒரு லிட்டர் மூன்றே முக்கால் காசு. அன்றைக்குக் கடையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இருபது ரூபாய். அந்த இருபது ரூபாய்க்கு ஆலை விலையில் 533 லிட்டர் வரும். நம்ம வீட்டு பிளாஸ்டிக் குடம் பதினைந்து லிட்டர் என்று வைத்தால் முப்பத்தைந்து குடமும் ஒரு அரைக்குடமும்.

இப்போது வடிவம் தானாக வந்துவிட்டது இல்லையா? தெருக்குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் குடங்கள் வரிசையாக நிற்குமே, அதே மாதிரி முப்பத்தைந்து குடத்தைக் கொஞ்சம் கோணல்மாணலாக அடுக்குங்கள். நேர்கோட்டில் வைத்தால் கடை மாதிரி ஆகிவிடும். பச்சை, ஊதா, மஞ்சள், ஒன்றிரண்டு எவர்சில்வர், நடுவில் இடம்பிடிக்க ஒரு செங்கல். வரிசையின் முன்னால், குழாய் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு ஸ்டூல் போட்டு ஒரே ஒரு தண்ணீர் பாட்டில். தண்ணீர் நிரப்பாதீர்கள். நிரப்பினால் அரை டன் கனம், ரெண்டு நாளில் கொசுப்புழு, சுகாதாரத் துறை ஆள் வந்து நிற்பார். குடங்களைப் புதிதாக வாங்கவும் வேண்டாம், தெருவில் இரவல் கேளுங்கள். அடி தேய்ந்து, வாய் வெடித்து, ஈயம் பூசின மாதிரி உப்புப் படிந்த குடம் பேசுகிற பேச்சு கடைக்குடத்துக்கு வராது.

விளக்க அட்டையில் இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள். உபரி நீர்தான் கொடுக்கப்படுகிறது என்று அரசு சொன்னதையும் மனு தள்ளுபடியானதையும் விட்டுவிட்டால், அதைத் தெரிந்த முதல் ஆள் வந்து கேட்டதும் உங்கள் முப்பத்தைந்து குடமும் ஓட்டையாகிவிடும். "பாட்டிலுக்கு, லாரிக்கு, கூலிக்கு, வரிக்கு எல்லாம் செலவு இருக்கேய்யா" என்று ஒரு வியாபாரி கேட்பார். நியாயமான கேள்விதான். அதையே அட்டையின் கடைசி வரியாகப் போட்டு, "அது போக எவ்வளவு?" என்று ஒரு கோடிட்ட இடம் விட்டு, பக்கத்தில் ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். எழுதுவார்கள். சிலர் கெட்ட வார்த்தையும் எழுதுவார்கள், பரவாயில்லை.

அடுத்து மொய். எனக்குப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

கைபேசி நம்மிடமிருந்து எதையெல்லாம் எடுக்கிறது என்பதைச் சுவரில் எழுதி வைத்தால் யாரும் வாசிப்பதில்லை, ஏனென்றால் எல்லோரும் அதை ஏற்கெனவே "தெரியும்" என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் மொய் நோட்டின் முன்னால் அலட்சியமாக நிற்கிற ஆள் நம்ம ஜில்லாவில் கிடையாது. யார் எவ்வளவு செய்தார்கள், நாம் அவர்களுக்கு என்ன செய்தோம், எப்போது திருப்பிச் செய்ய வேண்டும் என்பது தலைமுறைக் கணக்கு. மொய் என்றாலே திரும்பி வருவது என்றுதான் அர்த்தம். ஆப்புக்கு நாம் எழுதின மொய் மட்டும் ஒருநாளும் திரும்பி வராது. இந்த ஒரு முரண்தான் மொத்தப் படைப்பும்.

வேண்டிய சாமான்: ஒரு மடக்கு மேசை, மேலே பழைய ஜமுக்காளமோ பத்தமடைப் பாயோ, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ், பன்னீர்ச் செம்பு, கற்கண்டுத் தட்டு, ஒரு மஞ்சள் பை, நீள நோட்டு. நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நாலு மூலையிலும் மஞ்சள். எழுதுவதற்கு உண்மையிலேயே கல்யாண வீட்டில் மொய் எழுதிப் பழகின ஒரு பெரியவரைப் பிடியுங்கள். கலைஞர் யாரையும் உட்கார வைக்காதீர்கள், அவர்கள் நடிப்பார்கள். பெரியவருக்கு நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று: பணம் வாங்கக் கூடாது, பெயர் எழுதக் கூடாது, ஊர் மட்டும்.

வருகிறவர் சந்தனம் எடுத்துக்கொள்வார், பன்னீர் தெளிப்பீர்கள், பழக்கத்தில் பாக்கெட்டில் கை வைப்பார். அந்த நொடியில் பெரியவர் கேட்க வேண்டும்: "ரூபாய் வேண்டாம், போனை எடுங்க." பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸுக்குள் பிரைவசி, அதற்குள் பர்மிஷன் மேனேஜர் என்று ஒரு பகுதி இருக்கும். இருக்குமிடம், மைக், கேமரா, போன்புக் இவற்றை எத்தனை ஆப் எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணோடு காட்டும். அதை வாசித்துச் சொல்லச் சொல்ல, பெரியவர் கல்யாண வீட்டுக் குரலில் சத்தமாகத் திருப்பிச் சொல்லி எழுத வேண்டும். "மேலப்பாளையம். இருக்குமிடம், முப்பத்தொண்ணு ஆப்பு. மைக்கு, இருபத்திரண்டு. போன்புக்கு, பத்தொம்பது." வலதுபக்கப் பத்தியில் "திரும்பி வந்தது" என்று தலைப்புப் போட்டு ஒவ்வொரு வரியிலும் ஒரு சின்னக் கோடு. அது நிரம்பவே நிரம்பாது.

நாங்கள் ஒரு நண்பரின் வீட்டு மாடியில் ஒத்திகை பார்த்தபோது, பேட்டையிலிருந்து வந்த ஓர் அண்ணாச்சி தன் போனையே கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, "ஏ, டார்ச் அடிக்கிற ஆப்புக்கு எதுக்குவே என் போன்புக்கு? எப்பம்வே குடுத்தேன்?" என்று எங்களிடம் சண்டைக்கே வந்துவிட்டார். அவர் கோபம் நியாயம். 2013ல் அமெரிக்காவில் ஒரு டார்ச் ஆப் ஜனங்களின் இருப்பிடத்தை விளம்பரக் கம்பெனிகளுக்குக் கொடுத்ததாக அங்குள்ள வர்த்தக ஆணையமே நடவடிக்கை எடுத்திருக்கிறது. இந்த மாதிரி ஒரு தகவலைச் சுவரில் ஒட்டாதீர்கள், பெரியவர் வாயில் கொடுங்கள். கற்கண்டு நீட்டும்போது சொல்லட்டும்.

பெயரும் போன் நம்பரும் வாங்கவே கூடாது என்று ஏன் சொன்னேன் என்றால், "தொடர்புக்கு இருக்கட்டும்" என்று ஒரு கூகுள் ஃபார்மை வைத்துவிட்டு உட்கார்ந்த ஒரு கண்காட்சியை நானே பார்த்திருக்கிறேன், தலைப்பு அந்தரங்க உரிமை! வருகிறவர்களின் முகத்தைப் படமெடுத்துப் போடுவதும் அதே கதைதான். நோட்டைப் படமெடுங்கள், கையைப் படமெடுங்கள், போதும்.

கம்பெனியின் சரக்குக்குள்ளேயே எழுத்தை ஏற்றி அனுப்புகிற வித்தை ஒன்று உண்டு. பிரேசிலில் ராணுவ ஆட்சி நடந்த 1970ல் சில்தோ மெய்ரெலெஸ் என்பவர், கடையில் திருப்பிக் கொடுக்கிற கோகோகோலா கண்ணாடி பாட்டிலில் வெள்ளை எழுத்தில் வாசகங்களை அச்சிட்டுத் திரும்பக் கடைக்கே அனுப்பினார். காலி பாட்டிலில் எழுத்து கண்ணுக்கே தெரியாது, ஆலையில் கறுப்புக் கலர் நிரம்பினதும் பளிச்சென்று தெரியும். நம்ம ஊரில் கலர் பாட்டில் திரும்பிப் போகிற காலம் போய்விட்டது. கேன் தண்ணீர் திரும்பிப் போகும், ஆனால் கேன் போடுகிற பையன் நம்மை மாதிரி ஒரு ஆள்தான், அவன் பிழைப்பில் கை வைக்காதீர்கள். அதைவிட நல்லது ஒன்று இருக்கிறது: கடலைப் பொட்டலம். கடலை தீர்ந்ததும் பொட்டலத்தைப் பிரித்து இரண்டு பக்கமும் வாசிக்காத தமிழன் உண்டா? பரீட்சைத் தாள் ஆனாலும் வாசிப்பான், ஜாதகம் ஆனாலும் வாசிப்பான். நீங்கள் தினமும் "ஒப்புக்கொள்கிறேன்" என்று தட்டுகிற ஒரு நிபந்தனைப் பத்திரத்திலிருந்து நாலு வரியை எடுத்து, நல்ல தமிழில், பத்திர எழுத்தர் எழுதுகிற மாதிரி இல்லாமல் வீட்டில் பேசுகிற மாதிரி மொழிபெயர்த்து அச்சிட்டு, வ.உ.சி. மைதானத்துப் பக்கம் கடலை வறுக்கிற ஒருவரிடம் நூறு தாள் கொடுங்கள். அச்சு மை சாப்பாட்டில் படக் கூடாது, ஆகவே எழுத்து வெளிப்பக்கம், உள்ளே ஒரு வெள்ளைத் தாள். கடலைக்காரருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலிலேயே வாசித்துக் காட்டிவிடுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் நிற்கப்போகிறவர் அவர்தான்.

தொழில்நுட்பம் யாரைக் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டது என்பதைக் காட்ட ஆச்சி போதும். ஜாய் புவோலம்வினி என்ற ஆய்வாளர் முகம் கண்டறிகிற மென்பொருள் தன் கறுத்த முகத்தைக் கவனிக்காமல், வெள்ளை முகமூடி போட்டதும் கவனித்ததைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்கினார்; 2018ல் அவரும் சக ஆய்வாளரும் சோதித்த மென்பொருள்கள் ஆணா பெண்ணா என்று சொல்வதில் கறுத்த பெண்களிடம் அதிகபட்சம் 34.7 சதவீதம் தவறின, வெளுத்த ஆண்களிடம் தவறு 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. நம்ம பக்கத்துக்கு முகத்தைவிடப் பேச்சு பொருத்தம். போனில் குரலைக் கேட்டுத் தமிழில் எழுதுகிற வசதியை ஓட விட்டு ஆச்சியைப் பேச வையுங்கள். எங்கள் ஆச்சி "அவிய இன்னும் வரலியே" (அவிய என்றால் அவர்கள்) என்றாள், போன் "அவியல் இன்னும் வரவில்லையே" என்று எழுதியது. இடதுபக்கம் ஆச்சி சொன்னது, வலதுபக்கம் போன் எழுதியது, கடை போர்டு எழுதுகிற ஆளை வைத்துத் துணியில் எழுதினால் பத்து வரியில் ஒரு முழுச் சுவர் ஆகிவிடும். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஆச்சிதான் பிழையாகப் பேசுகிறாள் என்று யாராவது சிரித்தால் மட்டும் அடுத்த வரியைக் காட்டுங்கள். அங்கே அவர்கள் பேசுகிற மாதிரியே ஒன்று இருக்க வேண்டும். அந்த வரியைத் தேர்ந்தெடுப்பதில்தான் உங்கள் சாமர்த்தியம்.

செய்யக் கூடாதது இரண்டு சொல்கிறேன். பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்பவர் 99 ஸ்மார்ட்போனைச் சிவப்புக் கைவண்டியில் போட்டு இழுத்துக்கொண்டு காலி ரோட்டில் நடந்தார், கூகுள் மேப் அந்த ரோடு முழுக்க நெரிசல் என்று சிவப்பாகக் காட்டியது. 2020ல் அந்த வீடியோ வந்தபோது நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் எங்கள் நெல்லை வண்ணாரப்பேட்டையில் இதைச் செய்ய வேண்டும் என்று ஒரு தம்பி கிளம்பியபோது வேண்டாம் என்றேன். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு நோயாளியோடு போகிற வண்டியும் அந்த மேப்பைத்தான் பார்க்கும். இன்னொன்று, கம்பெனி ஆள் மாதிரி வேஷம் போட்டுக் கேலி செய்கிற யெஸ் மென் குழுவினர் 2004 டிசம்பர் 3ஆம் தேதி, போபால் விஷவாயுவின் இருபதாவது ஆண்டில், அந்த ஆலையின் யூனியன் கார்பைடை வாங்கியிருந்த டௌ கம்பெனியின் பேச்சாளர் என்று பி.பி.சி.யில் தோன்றி, 1,200 கோடி டாலர் இழப்பீடு தருவதாக அறிவித்தது. கம்பெனியின் முகத்தைக் கிழித்த வேலைதான், சந்தேகமில்லை. ஆனாலும் போபாலில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் கொஞ்ச நேரமாவது உண்மை மாதிரி இருந்திருக்குமே என்பது என்னை உறுத்துகிறது. ஏமாறுகிற ஆள் யார் என்று பார்த்துவிட்டு ஏமாற்றுங்கள்.

வழக்கு வருமா என்று எல்லோரும் கேட்பார்கள். வரலாம். இப்போதைய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆம் பிரிவு அவதூறு. சொல்வது பதிவேட்டில் இருக்கிற உண்மையாக இருந்தால் பாதிப் பயம் குறையும். சின்னத்தைக் கேலி செய்வது பற்றி நமக்குச் சாதகமான ஒரு பழைய உத்தரவு இருக்கிறது: ஒடிஷாவின் தம்ரா துறைமுகத்தை எதிர்த்து ஆமைகளையும் டாடா சின்னத்தையும் வைத்து கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு வெளியிட, டாடா நிறுவனம் பத்து கோடி கேட்டு வழக்குப் போட்டது, 2011 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. நையாண்டிக்கு இடமுண்டு என்ற அளவுக்கு அது தைரியம் தரும். ஆனாலும் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் அட்டைகளைக் காட்டிவிடுங்கள். சுவருக்கும் சட்டம் உண்டு, 1959லேயே பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் ஒட்டாதீர்கள். பசை மைதாவில் காய்ச்சுங்கள், மயில்துத்தம் கலக்காதீர்கள். நம்ம ஊர் மாடு போஸ்டரை வாசித்து முடிக்காது, தின்றுவிடும்.

பந்தல் செலவுக்கு யார் பணம் தருகிறார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். லண்டன் டேட் அருங்காட்சியகத்துக்கு எண்ணெய்க் கம்பெனியான பி.பி. கொடுத்துவந்த நிதியை எதிர்த்து ஒரு கலைஞர் குழு 2010லிருந்து அந்தக் கட்டடத்துக்குள்ளேயே போய் எண்ணெய் சிந்தின மாதிரி கருப்பாக ஊற்றியும் வேறு விதமாகவும் போராடியது. 2016ல் பி.பி. அந்த ஒப்பந்தத்தைத் தொடரவில்லை என்று அறிவித்தது, காரணம் வேறு என்று சொல்லிக்கொண்டாலும். எங்களுக்கு அவ்வளவெல்லாம் இல்லை. ஒரு கடைக்காரர் ஷாமியானா போட்டுத் தந்தார், மறுநாள் வந்து "அந்தக் குடத்தை மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைங்களேன்" என்றார். ஷாமியானாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேப்பமரத்தடிக்குப் போனோம்.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை வைத்து ஏதாவது செய்ய வேண்டும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 1929ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருஷக் குத்தகைக்கு மலையை எடுத்தது ஒரு கம்பெனி, கெடு 2028ல் முடிகிறது, 2024ல் தொழிலாளர்களை விருப்ப ஓய்வு என்று இறக்கிவிட ஆரம்பித்தார்கள். நடுவில் 1999 ஜூலை 23, தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காக நெல்லையில் ஊர்வலம் வந்தவர்கள் போலீஸ் அடியில் தாமிரபரணிக்குள் விழுந்து பதினேழு பேர் செத்த நாள். இதற்குக் குடமும் வேண்டாம், மொய்யும் வேண்டாம், சிரிப்பு எதுவும் ஆகாது. ஒரு வெறும் சுவரில் 99 ஆணி அடியுங்கள், ஆணிக்கு ஒரு தேதி கிழிக்கிற காலண்டரின் வெறும் அட்டை. தொண்ணூற்றெட்டு அட்டையில் தாள் இருக்கக் கூடாது. 1999க்கு மட்டும் ஒரே ஒரு தாள், ஜூலை 23, வெள்ளிக்கிழமை. பக்கத்தில் எதுவும் எழுதாதீர்கள், எங்கள் ஊரில் அந்தத் தேதிக்கு விளக்க அட்டை வேண்டியதில்லை.

கடைசி நாள் சாமான் பிரிக்கும்போது மொய் நோட்டை யாருக்கும் கொடுக்காதீர்கள், எடுத்த படங்களை நெட்டில் ஏற்றவும் வேண்டாம், உங்கள் வீட்டு பீரோவில் மற்ற மொய் நோட்டுகளோடு வையுங்கள். குடங்களை அன்றைக்கே திருப்பிவிடுங்கள். அடியில் நகப்பூச்சில் இனிஷியல் போட்டிருப்பார்கள், டார்ச் அடித்துப் பார்த்துச் சரியான வீட்டில் வையுங்கள். எங்களுக்கு ஒரு ஊதாக் குடம் மாறிப்போய், இரண்டு வீட்டுக்கும் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.